வலை இழுக்கும் தோளுக்கு எந்தப் பயிற்சி?

மன்னார்த் தீவின் இரு பக்கக் கடலிலும் நண்டு வலை இன்னமும் கையால்தான் இழுக்கப்படுகிறது. பைபர் படகின் ஓரத்தில் முழங்காலை முட்டுக்கொடுத்து, முதுகை வளைத்து, ஒரு கை பிடிக்க மறு கை இழுக்க, கடலடியில் கிடந்த வலை முழம் முழமாக மேலே ஏறும். பல நூறு தடவை நடக்கும் இந்த அசைவில் கை ஒரு தடவையாவது தலைக்கு மேலே போவதில்லை. இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில், உடம்புக்கு முன்னால், உள்நோக்கியே அது வேலை செய்கிறது. கரைக்கு வந்ததும் வீட்டுப் பெண்களும் சேர்ந்து குந்தியிருந்து நண்டு கழற்றுவார்கள். கழுத்து குனிந்தபடி, தோள் முன்னே சரிந்தபடி, விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பின்னேரம் வலை பொத்துவதும், பனையோலை பின்னுவதும் அதே இருப்பில்தான்.

இந்த உடம்புகளுக்குத்தான் இப்போது கைபேசி வழியே வீட்டுப் பயிற்சிகள் வந்து குவிகின்றன. நாடியை உள்ளே இழு, தோள்பட்டைகளைப் பின்னுக்கு இறுக்கு, கதவு நிலையில் கையை ஊன்றி நெஞ்சை விரி, சுவரில் முதுகைச் சாய்த்துக் கைகளை ஏற்றி இறக்கு, துவாயை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழு. காசு தேவையில்லை, கருவி தேவையில்லை. அவை தரும் வாக்குறுதி இரண்டு: கூனல் நிமிரும், தோள் தாராளமாக அசையும். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதுதான் என் முதல் ஆட்சேபம். முதல் வாக்குறுதிக்கு ஆதாரம் மிக மெலிந்தது. இரண்டாவதற்கு ஆதாரம் உண்டு, கூடவே நிபந்தனைகளும் உண்டு. பேசாலையிலோ எருக்கலம்பிட்டியிலோ வங்காலையிலோ ஒரு குடும்பம் நாளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க ஆயத்தமாக இருந்தால், அந்த ஐந்து நிமிடத்தை வீணடிக்கும் உரிமை பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் எவருக்கும் இல்லை.

கூனலை முதலில் எடுப்போம். சரியான இருப்பு என்று ஒன்று உண்டு, அதிலிருந்து பிசகினால் நோ வரும் என்ற நம்பிக்கை பள்ளிக்கூட நாளிலேயே நமக்குள் ஊறிவிட்டது. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான உடற்பயிற்சி ஒத்திகையில் நெஞ்சை நிமிர்த்தச் சொன்ன ஆசிரியரின் குரல் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். அந்த நம்பிக்கைக்கு மருத்துவ வடிவம் கொடுத்தவர் செக் நாட்டு வைத்தியர் விளாடிமிர் யாண்டா. நெஞ்சுத் தசையும் மேற்கழுத்தின் பின்தசையும் இறுகுகின்றன, அவற்றுக்கு எதிர்ப்பக்கத் தசைகள் தளர்கின்றன, அதனால் தலையும் தோளும் முன்னே சரிகின்றன என்று அவர் விளக்கினார். இன்றைய பயிற்சிப் பட்டியல்களில் பெரும்பாலானவை அந்த விளக்கத்தின் பேரப்பிள்ளைகள்.

விளக்கம் கேட்க நன்றாயிருக்கிறது. அளந்து பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. மேல்முதுகின் வளைவையும் தோள் நோவையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2016ஆம் ஆண்டின் மீளாய்வு ஒன்று, இரண்டுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க தொடர்பைக் காணவில்லை. நிமிர்ந்து இருந்தால் நோ வராது என்பதற்கும், எல்லோருக்கும் பொதுவான ஒரே நல்ல இருப்பு உண்டு என்பதற்கும் பலமான சான்று இல்லை என்று 2019இல் இயன்மருத்துவ ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து எழுதினார்கள். கைபேசியைக் குனிந்து பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறும் என்று பிள்ளைகளை வெருட்டுகிறோமே, அந்த எண் 2014இல் நியூயோர்க்கின் முதுகெலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணினி மாதிரியில் கணித்தது. 60 பாகை குனிந்த தலைக்கு எவ்வளவு விசை என்பதுதான் கணக்கு. அந்த விசையால் யாருக்கு என்ன நோய் வந்தது என்பதை அது அளக்கவில்லை. கழுத்துத் தசைகள் பாரம் தாங்கவே அமைந்தவை என்பதையும் அந்த எண் சொல்லாது.

எனவே, நண்டு கழற்றும் பெண்ணிடம் போய் நீ குனிந்திருப்பதால்தான் உனக்கு நோ என்று சொல்வதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்வது கொடுமையும்கூட. குனியாமல் அந்த வேலை நடக்காது. ஒரே இருப்பில் மணிக்கணக்காக இருப்பதுதான் உடம்பைப் பிடிக்கிறது. நடுவில் எழுந்து நாலடி நடந்து, கையை மேலே நீட்டி, திரும்பி வந்து இருப்பதற்கு எந்த இலட்சிய வடிவமும் தேவையில்லை.

ஆனால் கூனலை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. இதை வாசிப்பவர் இப்போதே செய்து பார்க்கலாம். கதிரையில் முதுகை நன்றாகத் தொய்யவிட்டு, அந்த நிலையிலேயே ஒரு கையைப் பக்கவாட்டாகத் தூக்குங்கள். கை ஓரிடத்தில் நிற்கும். பிறகு நிமிர்ந்து அதே கையைத் தூக்குங்கள், இன்னும் மேலே போகும். 1999இல் வெளியான ஆய்வு ஒன்று, நோவில்லாத ஆட்களிடம் இதை அளந்தபோது, தொய்ந்த நிலையில் கை ஏறத்தாழ 23 பாகை குறைவாகவே உயர்ந்தது, அதன் பலமும் குறைந்தது. காரணம் தோளின் அமைப்பு. கை முழுதாக உயரும் 180 பாகையில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் பந்துக்கிண்ண மூட்டு தருகிறது. மிச்சத்தைத் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின்மேல் வழுக்கிச் சுழன்று தருகிறது. 1944இலேயே அமெரிக்க ஆய்வாளர் இன்மனும் அவர் குழுவினரும் எழுதிவைத்த கணக்கு இது. விலாக்கூடு குனிந்து கிடந்தால் தோள்பட்டை சுழல இடமில்லை. மேல்முதுகு நிமிரக்கூடியதா என்பது அழகுப் பிரச்சினை அல்ல, கை எட்டுமா என்ற பிரச்சினை. எப்போதும் நிமிர்ந்தே இருக்கவேண்டிய தேவை கிடையாது. வேண்டிய நேரத்தில் நிமிர முடிந்தால் காணும்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். கரையில் அதைக் கேட்காத நாளில்லை: "கடலுக்குப் போறவனுக்கு என்னத்துக்கு எக்சசைஸ்? தொழிலே எக்சசைஸ்தானே." இதை இலேசாக ஒதுக்கக்கூடாது. வலை இழுக்கிறவரின் முன்கையும் முதுகும் உடற்பயிற்சி நிலையத்தில் வளர்த்தவற்றைவிட உறுதியானவை. கச்சேரியில் இருந்து எழுதுகிறவருக்கு இல்லாத பலம் அவருக்கு உண்டு. ஆனால் தொழில் பலத்தை ஒரு வளைவுக்குள் மட்டுமே தருகிறது. இழுக்கும் தசை தடிக்கிறது, கையை உயர்த்திப் பிடிக்கும் தசைக்கும் வெளிப்புறமாகத் திருப்பும் தசைக்கும் அந்த வேலை எதுவும் கொடுப்பதில்லை. இன்னொன்று, தொழிலில் அளவை உடம்பு தீர்மானிப்பதில்லை, மீன்பாடு தீர்மானிக்கிறது. வலை பாரமாக வந்த நாளில் நோ என்று பாதியில் விட முடியாது. அடுத்த நாள் ஓய்வும் கிடையாது. ஓய்வுநேர உடலசைவு தரும் நன்மையைத் தொழிலின் பாரம் அதே அளவில் தருவதில்லை என்பதை டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழுவினர் இதயநோயை வைத்து நெடுங்காலமாக எழுதிவருகிறார்கள். தோளுக்கும் அந்த வேறுபாடு பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன். பயிற்சி என்பது அளவோடு ஏற்றி, ஓய்வு கொடுத்து, மறுபடி ஏற்றுவது. கடல் அப்படி ஏற்றாது.

இனிப் பட்டியலுக்குள் போவோம்.

தோள்பட்டைகளைப் பின்னுக்கும் கீழுக்கும் இறுக்கிப் பிடி என்ற அறிவுரைதான் எல்லாவற்றிலும் பரவலானது, என் மதிப்பீட்டில் எல்லாவற்றிலும் பிழையாகப் புரியப்பட்டதும் அதுதான். சும்மா நிற்கும்போது ஐந்தாறு தடவை இறுக்கித் தளர்த்துவதில் கெடுதல் இல்லை, பிடித்திருந்த தசைக்கு இரத்தம் ஓடும். ஆனால் கையை உயர்த்தும்போதும் அதே கட்டளையைப் பின்பற்றினால் தோள்பட்டை மேல்நோக்கிச் சுழல வேண்டிய நேரத்தில் அதைக் கீழே கட்டிவைக்கிறோம். ஏற்கெனவே நோவுள்ள தோள் அந்த இடத்தில்தான் குத்தும். பிறகு பயிற்சி செய்தால் நோ கூடுகிறது என்று விட்டுவிடுவார்கள். பிழை பயிற்சி செய்தவரிடம் இல்லை.

சுவரில் முதுகையும் தலையையும் கைகளின் பின்பக்கத்தையும் ஒட்டிவைத்துக் கைகளை ஏற்றி இறக்கும் பயிற்சி படத்தில் அழகாக இருக்கும். நாற்பது வயதுக்கு மேல் வலை இழுத்த ஒருவரை அதைச் செய்யவிட்டுப் பார்த்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. கை சுவரைத் தொடாது. தொடவைப்பதற்காக நாரியை வளைத்து வயிற்றை முன்னே தள்ளுவார். அசைவு தோளில் நடக்காமல் நாரியில் நடந்துவிடும். இறுக்கமில்லாதவருக்குத் தேவையில்லாத, இறுக்கமானவரால் செய்யமுடியாத பயிற்சி இது. பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

அதையே திருப்பிப் போட்டால் நல்ல பயிற்சி கிடைக்கிறது. சுவரைப் பார்த்து நின்று, இரண்டு முன்கைகளின் ஓரத்தையும் சுவரில் வைத்து, ஒரு காலை முன்னே எடுத்து, சுவரை மெதுவாகத் தள்ளியபடியே கைகளை மேலே வழுக்கவிட வேண்டும். உச்சியில் நெஞ்சைச் சுவரை நோக்கிச் சற்றே சாய்த்தால் மேல்முதுகும் நிமிரும். தள்ளுவதால் தோள்பட்டையை விலாவோடு ஒட்டிச் சுழற்றும் பக்கத்தசை வேலை செய்கிறது. கையின் பாரத்தில் ஒரு பகுதியைச் சுவர் தாங்குவதால் நோவுள்ளவரும் செய்யலாம். வீட்டுத்திட்டத்துச் சீமெந்துச் சுவர் சொரசொரப்பாக இருந்தால் இரண்டு கைக்கும் அடியில் ஒரு துவாயைப் பிடித்தால் சரி. கிடுகு வேலி இதற்கு உதவாது. பத்துத் தடவை, இரண்டு முறை. மொத்தமாக ஒரு பயிற்சிக்குத்தான் இடம் என்றால் நான் இதைத்தான் வைப்பேன்.

கதவு நிலையில் கையை ஊன்றி நெஞ்சை விரிப்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. நெஞ்சின் சிறு தசையை நீட்டும் மூன்று முறைகளை 2006இல் ஒப்பிட்டபோது, ஒரு பக்கக் கையை மட்டும் சுவர் மூலையில் ஊன்றி உடம்பைத் திருப்பும் முறையில்தான் தசை கூட நீண்டது. ஆனால் அந்த நீட்சி அப்போதைக்கானது. நீட்டுவதால் மட்டும் தோளின் இருப்பு நிலையாக மாறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வலை இழுத்து வந்த பின்னேரத்தில் அரை நிமிடம் செய்தால் சுகமாக இருக்கும். அந்தச் சுகமே அதைச் செய்யப் போதுமான காரணம். மருந்து என்று சொல்லி விற்கத்தான் கூடாது.

துவாயை முதுகுக்குப் பின்னால் பிடித்து மேல்கையால் கீழ்க்கையை இழுக்கும் பயிற்சியைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. நோவில்லாத, சற்றே இறுகிய தோளுக்கு அது நல்லது. நோவோடு இறுகிக்கொண்டுவரும் தோளில் அது தீயை ஊதிவிடும். கடைசிப் பயிற்சியாக, கடைசி மாதத்தில் வைக்கவேண்டியதை முதல் நாளிலேயே கொடுக்கிறார்கள்.

இழுபட்டிப் பயிற்சிகளின் பக்கம் ஆதாரம் கனமாக இருக்கிறது. 2011இல் டென்மார்க்கில் லார்ஸ் ஆண்டர்சன் குழுவினர் கழுத்து, தோள் நோ அடிக்கடி உள்ள 198 அலுவலக ஊழியர்களை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு நாளுக்கு 2 நிமிட இழுபட்டிப் பயிற்சி, இன்னொரு பகுதிக்கு 12 நிமிடம், மூன்றாவதுக்கு உடல்நல அறிவுரை மட்டும். பத்து வாரம் கழித்துப் பார்த்தால் 2 நிமிடக்காரருக்கும் நோ குறிப்பிடத்தக்க அளவில் குறைந்திருந்தது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 2 நிமிடம் என்பது எந்த வீட்டிலும் ஒதுக்கக்கூடியது. அவர்கள் கதிரையில் இருந்து வேலை செய்தவர்கள், வலை இழுத்தவர்கள் அல்ல என்பதை மறக்காமல் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். இழுபட்டி கடையில் கிடைக்காவிட்டால் கழித்துப்போட்ட சைக்கிள் ரியூப்பை நீளவாக்கில் வெட்டினால் அதே வேலையைச் செய்யும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ரியூப்பை இரண்டு கையாலும் பிடித்து, கைகளை வெளிப்பக்கமாக விரிக்க வேண்டும். வலை இழுக்கும்போது வேலையே இல்லாத தசை இதில்தான் விழிக்கிறது. கடற்றொழிலாளருக்கு இழுக்கும் பயிற்சியைக் கொடுப்பது வீண் வேலை, விரிக்கும் பயிற்சிதான் தேவை.

தமிழ்நாட்டுப் பயில்வான்களின் கர்லாக்கட்டையும் தோளுக்கான பயிற்சிதான் என்பதை இங்கே நினைவூட்டலாம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படையினர் அதை எடுத்துப்போய் ஐரோப்பாவில் பரப்ப, 1904, 1932 ஒலிம்பிக்குகளில் அது போட்டியாகவும் நடந்தது. நோவில்லாத இளைஞருக்கு அதைவிடச் சிறந்த தோள் பயிற்சி குறைவு. நோவுள்ளவர் பக்கம் அது போகக்கூடாது.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சீனி வருத்தம் உள்ளவர்களின் தோள். நீரிழிவு உள்ளவருக்கு, அது இல்லாதவரைவிட, தோள் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணித்தது. பெரும்பாலும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் வரும். தலை வாரும்போது பிடரிக்குக் கை போகாது. உள்ளாடைக் கொக்கியைப் பின்னால் மாட்ட முடியாது. வெளியிணைப்பு எஞ்சினின் கயிற்றைச் சுண்டி இழுக்கையில் உயிர் போகும். இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. இதைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் பூசி, யாராவது பலசாலியைக் கொண்டு கையைப் பிடித்து இழுப்பிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. வீட்டுப் பயிற்சிப் பட்டியல்களும் வேறு விதத்தில் அதையே சொல்கின்றன: நோவைப் பொருட்படுத்தாமல் தள்ளு, இறுக்கம் உடையும் என்று.

அது உடையாது, கூடும். 2004இல் நெதர்லாந்தில் டீர்க்ஸ், ஸ்டீவன்ஸ் என்ற இருவர் தோள் உறைந்த 77 பேரை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். நோவின் எல்லைக்குள் மென்மையாக அசைத்து, முடிந்த வேலைகளைச் செய்துகொண்டு காத்திருந்தவர்களில் 89 சதவீதத்தினர் இரண்டாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ வழமைக்குத் திரும்பியிருந்தார்கள். நோவையும் தாண்டி இழுத்து நீட்டியவர்களில் அது 63 சதவீதம்தான். எழுந்தமானமாகக் குழு பிரித்த ஆய்வு இது அல்ல என்பதால் இந்த எண்களைச் சட்டமாக எடுக்க முடியாது. ஆனாலும் திசை தெளிவு. இந்த நோயை 1934இல் விரிவாக எழுதிய பொஸ்டன் சத்திரசிகிச்சையாளர் ஏர்னஸ்ட் கோட்மனின் பெயரால் வழங்கும் ஊசல் அசைவுதான் முதல் மாதங்களில் பொருத்தம். நல்ல கையை மேசையில் ஊன்றி முன்னே குனிந்து, நோவுள்ள கையைத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டி அதை இலேசாகச் சுற்றவிட வேண்டும். கையால் சுற்றக்கூடாது, உடம்பு ஆடக் கை ஆட வேண்டும். கூடவே இரத்தச் சீனியைக் கட்டுக்குள் வைப்பதும், ஆரம்பத்திலேயே வைத்தியரிடம் ஊசி மருந்து பற்றிக் கேட்பதும். பயிற்சி மட்டும் போதும் என்று எந்தப் பட்டியல் சொன்னாலும் இந்தத் தோளைப் பொறுத்தவரை அது பிழை.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் இயன்மருத்துவரிடமே ஓட வேண்டுமா? தலைமன்னாரில் இருப்பவர் மன்னார் நகரத்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வரவேண்டும். வாரம் ஒரு நாள் வந்தால் ஒரு நாள் தொழில் போச்சு. இந்தக் கேள்விக்கு 2021இல் இங்கிலாந்திலிருந்து நல்ல பதில் கிடைத்தது. தோளைச் சுழற்றும் தசைநார்களில் நோவுள்ள 708 பேரில் ஒரு பாதியினர் இயன்மருத்துவரிடம் ஆறு தடவை வரை போய்ப் படிப்படியாகப் பயிற்சி பெற்றார்கள். மறு பாதியினர் ஒரே ஒரு தடவை, ஒரு மணித்தியாலத்துக்குள், விளக்கமும் வீட்டுப் பயிற்சியும் கையேடும் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பன்னிரண்டு மாதம் கழித்து இரு பகுதிக்கும் வேறுபாடு இல்லை. அதற்கு மூன்று ஆண்டு முன், தோள் உச்சியில் எலும்பைச் சீவி இடம் எடுக்கும் சத்திரசிகிச்சையை வெறும் பாவனைச் சத்திரசிகிச்சையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் கருதத்தக்க வித்தியாசம் இல்லை என்று லான்செட் இதழ் வெளியிட்டிருந்தது. ஆக, தூரத்தில் இருப்பவர் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை. ஒரு தடவை போனால் போதும். ஆனால் அந்த ஒரு தடவை நிச்சயம் போகவேண்டும். நோவு எது, உறைவு எது, கிழிவு எது என்று பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டும். அதைக் கைபேசிப் படம் செய்யாது. இங்கிலாந்துக்காரருக்குக் கையில் ஒரு நல்ல கையேடு கிடைத்தது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

சில தோள்களுக்குப் பயிற்சியே வேண்டாம், வைத்தியசாலைதான் வேண்டும். விழுந்து அடிபட்டபின் கையைத் தூக்கவே முடியாவிட்டால், காய்ச்சலோடு மூட்டு வீங்கினால், கை மரத்து விரல்கள் பலமிழந்தால், ஓய்விலும் இரவிலும் விடாமல் நோவு கூடி உடல் மெலிந்தால் காத்திருக்கக் கூடாது. இடது தோள் நோவோடு நெஞ்சு இறுகி வியர்த்தால் அது தோளாக இல்லாமல் இருதயமாக இருக்கலாம். உடனே போகவேண்டும்.

என் தீர்ப்பு இது. கூனலை நிமிர்த்தும் மருந்தாக இந்த வீட்டுப் பயிற்சிகள் தேறவில்லை. தோளின் அசைவைக் காக்கும் வழியாகத் தேறுகின்றன, ஆனால் பட்டியல் முழுதும் அல்ல. நோவில்லாதவருக்கும் இலேசான நோவுள்ளவருக்கும் சுவரைப் பார்த்து வழுக்கும் பயிற்சியும் ரியூப்பை விரிக்கும் பயிற்சியும் போதும். நெஞ்சை விரிப்பது விருப்பம். உறையும் தோளுக்கு ஊசலும் பொறுமையும் கிளினிக்கும். தொடங்கும் நாளில் சுவருக்குப் பக்கவாட்டாக நின்று, கை எட்டும் உயரத்தில் கரியால் ஒரு கோடு போடுங்கள். மாதம் ஒரு தடவை அதே இடத்தில் அளந்து பாருங்கள். மூன்று மாதத்தில் கோடு ஏறாவிட்டால் பயிற்சியைக் கூட்டாதீர்கள், வைத்தியரைப் பாருங்கள்.

மாவட்டத்தின் சுகாதாரத் துறையினருக்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த இரண்டு பயிற்சியையும் ஊசலையும், உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய அறிகுறிகளையும் ஒரே பக்கத்தில் தமிழில், படத்தோடு அச்சடியுங்கள். ஒன்றை மீன் வாடிச் சுவரில் ஒட்டுங்கள், ஒன்றை நீரிழிவு கிளினிக்குக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.